1966 வொக்ஸ்வாகன் 1300: திருகோணமலைக் காலநிலையில் ஒரு பக்டரி ஸ்டொக் மொடல்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் சிறு கார் மொடல்களில், ஸ்டொக் மொடல் என்றால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்று கார் எப்படி இருந்ததோ அப்படி. பின்னாளில் பூட்டிய அலோய் சில்லு, தாழ்த்திய சஸ்பென்ஷன், நிறத்தின் மேல் அடிக்கும், கண்ணாடி போல மின்னும் நிறமற்ற கிளியர் கோட் எதற்கும் அதில் இடமில்லை. அதனால் கத்தியை எடுக்க முன்பே இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும்: எந்த ஆண்டு, எந்தச் சந்தை.

இந்தப் பதிவு ஜப்பானிய நிறுவனமான டமியாவின் 24136 இலக்கக் கிட்டை (பாகங்களாக வரும் மொடல் பெட்டியை) வைத்து எழுதப்பட்டது. 1/24 அளவில் 1966 ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் 1300 பீட்டில். வொக்ஸ்வாகனின் மொடல் ஆண்டு ஓகஸ்டில் தொடங்கும். ஆகவே 1965 ஓகஸ்ட் முதல் 1966 கோடை வரை கட்டிய காரே 1966 மொடல். அந்த ஆண்டுக்கு உரியவை எவை என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுவது நல்லது. எஞ்சின் 1285 சிசி, 77 மி.மீ. போர், 69 மி.மீ. ஸ்ட்ரோக், 40 குதிரைவலு. மின்சாரம் இன்னும் 6 வோல்ட். எஞ்சின் மூடியில் ‘1300’ எழுத்து. சில்லில் காற்றுத் துளைகள், அதன்மேல் தட்டையான ஹப் கப் (சில்லின் நடு மூடி), ஐந்து போல்ட். டாஷ்போர்டின் நடுவில் கண்ணாடிக்குக் காற்று விடும் துவாரம். ஹெட்லைட் கண்ணாடி மட்கார்டின் வளைவோடு சாய்ந்திருக்கும். நிமிர்ந்த ஹெட்லைட்டும் உயர்ந்த பெட்டி வடிவ பம்பரும் ஐரோப்பியக் கார்களுக்கு 1967 ஓகஸ்டில்தான் வந்தன. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி, பிற்கால உதிரிப்பாகம் பூட்டித் திருத்திய கார்கள். அவற்றைப் பார்த்துச் செய்தால் மொடலில் மூன்று ஆண்டுகள் கலந்துவிடும்.

சந்தையும் அப்படித்தான். அமெரிக்காவுக்குப் போன காரில் பம்பருக்கு மேலே வளைந்த குழாய் இருக்கும், பின் லைட் முழுச் சிவப்பு. ஐரோப்பியக் காரில் தனிப் பம்பர், பின் லைட்டின் மேற்பகுதி செம்மஞ்சள், கீழே சிவப்பு. இலங்கை வீதியில் ஓடிய காரைச் செய்ய விரும்பினால் ஸ்டியரிங் வலப்பக்கம் வரும். பெட்டியைத் திறந்ததும் வலப்பக்க டாஷ்போர்ட் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங்கை மட்டும் இடம் மாற்றுவது சரிவராது. வேகமானி, கையுறைப் பெட்டியின் மூடி, மிதிகள் எல்லாமே இடம் மாறும். அந்த அளவுக்குச் செய்ய மனமில்லாவிட்டால் இடப்பக்க ஸ்டியரிங்குடன் ஐரோப்பியக் காராகவே முடிப்பது நேர்மையான வேலை.

இனி ஒரு கணக்கு. முழு வேலையும் இதில்தான் தொங்குகிறது. உண்மைக் காரில் கதவின் இடைவெளி 4 முதல் 5 மி.மீ. என்று வைத்தால், 1/24 இல் அது 0.2 மி.மீ. தொழிற்சாலைப் பெயின்ட் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பு. அதை 24 ஆல் பிரித்தால் எந்த எயார்பிரஷாலும் (பெயின்டைக் காற்றால் தூவும் சிறு கருவி) அடிக்க முடியாத மெல்லிய படலம் வரும். பிரைமர் (அடிப்பூச்சு), நிறம் இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு பக்க விளிம்பிலும் 0.05 மி.மீ. ஏறினாலே கதவு இடைவெளியில் பாதி அடைபட்டுவிடும். தடித்த பூச்சு போட்ட மொடல் பொம்மை போலத் தோன்றுவதன் காரணம் இதுவே. நிறம் பிழைத்ததால் அல்ல, கோடுகள் மூடுண்டதால்.

ஆகவே பிரைமருக்கு முன்பே கோடுகளை ஆழப்படுத்த வேண்டும். பிளேட்டின் முதுகுப்புறத்தால் அல்லது கோடு கீறும் ஊசியால், கையை அழுத்தாமல், ஒரே கோட்டில் நாலைந்து தடவை இழுத்தால் போதும். ஒரே இழுப்பில் ஆழம் எடுக்கப் போனால் ஊசி வழுக்கிக் கதவின் நடுவே கீறிவிடும். கதவு, முன் பொனட், எஞ்சின் மூடி மூன்றும் 0.3 மி.மீ. அகலத்துக்கு வரட்டும். பெயின்ட் ஏறியதும் அது 0.2க்கு இறங்கும்.

வார்ப்புக் கோடுகளை 600 வோட்டர் பேப்பரால் நீக்கி 1000 இல் மட்டப்படுத்துவது வழமையான வேலை. பீட்டிலில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. மட்கார்டுக்கும் உடலுக்கும் இடையில் தெரியும் கோட்டை இடைவெளி என்று நினைத்துப் புட்டியால் நிரப்பக் கூடாது. உண்மைக் காரில் நான்கு மட்கார்டுகளும் தனித்தனியாக போல்டில் பூட்டப்பட்டவை, அந்தக் கோடு தெரிந்தே ஆக வேண்டும். அதை நிரப்பிய பீட்டில் எவ்வளவு பளபளத்தாலும் பீட்டில் இல்லை.

உடலைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, துணியால் துடைக்காமல் காயவிட வேண்டும். அதன் பிறகு விரல் படக் கூடாது. வியர்வை ஊறும் எங்கள் ஊரில் மெல்லிய கையுறை கட்டாயம். விரல் பட்ட இடத்தில் பிரைமர் பிடிக்காமல் மீன்கண் போலச் சிறு பள்ளங்கள் விழும்.

நிறமும் காற்றும்

1966 நிற அட்டவணையில் L87 பேர்ள் வைட், L360 சீ புளூ, L456 ரூபி ரெட், L518 ஜாவா கிறீன், L519 பஹாமா புளூ போன்றவை இருந்தன. எல்லாம் சாதா நிறங்கள், மெட்டாலிக் இல்லை. உடல், சில்லு, சீட் உறை மூன்றின் நிறமும் சேர்த்தே அந்த அட்டவணைகளில் கொடுக்கப்பட்டிருக்கும், ஒரு வரியில் இருந்து இன்னொரு வரிக்குத் தாவக் கூடாது. இங்கே எடுத்தது L519.

எயரோசோல் டின்னையும் தீப்பற்றும் திரவத்தையும் விமானத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள். எனவே ஜப்பான் ஸ்பிரே டின்னுக்காகக் காத்திருப்பதைவிட, வாகனப் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடையில் 100 மி.லி. கலப்பித்து எடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஓர் உடலுக்கு 15 முதல் 20 மி.லி. போதும், மிச்சம் பின்னால் சின்னத் திருத்தங்களுக்கு உதவும். கடையில் இரண்டு விடயங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, மேலே கிளியர் தேவைப்படும் பேஸ் கோட் வேண்டாம், தானாகவே மினுங்கும் ஒரே அடுக்குப் பெயின்ட் வேண்டும். 1966 கார் சூளையில் சுட்ட எனாமல் பூச்சுடன் வந்தது, அதன்மேல் கிளியர் கிடையாது. இரண்டு, ஹார்ட்னர் கலக்கும் 2K வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட்டுக்குச் சாதாரண முகக்கவசம் போதாது, வீட்டுக்குள் அடிக்கும் பொருளே அல்ல.

கராஜ்களில் புழங்கும் என்சி (நைட்ரோசெலுலோஸ்) தின்னர், பிரைமர் இல்லாத வெறும் பொலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, தின்னும். மேற்பரப்பு வெடித்துச் சிலந்திவலைபோல் ஆகும். மொடலுக்கென்று வரும் பிரைமரை மிக மெல்லிய தூவலாக இரண்டு தடவை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல்தான் நிறம். முதல் சோதனை உடலில் வேண்டாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் ஐஸ்கிறீம் கரண்டிகள் பல அதே பொலிஸ்டைரீன்தான். அதில் பிரைமர் அடித்து, நிறம் அடித்து, மறுநாள் வளைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

திருகோணமலையில் பெயின்ட் வேலை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நடக்காது. ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை மாரி. அந்த ஈரத்தில் லக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் பெயின்ட்) அடித்தால் சில நிமிடங்களில் பால் ஊற்றியதுபோல வெள்ளை படரும். தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள நீர் அதில் ஒடுங்கிச் சிக்குவதே காரணம். மழை நிற்கும்வரை பொறுப்பதுதான் முதல் மருந்து. பொறுக்க முடியாவிட்டால் தின்னரில் 10 வீதம் ரிட்டாடர் கலக்கலாம், ஆவியாதல் மெதுவாகும், குளிர்ச்சி குறையும். 15 வீதத்தைத் தாண்டினால் பூச்சு நாட்கணக்கில் பிசுபிசுக்கும், மட்கார்ட் வளைவில் வழியும். வெள்ளை படர்ந்துவிட்டாலும் உடலைக் கழுவி மீண்டும் தொடங்கத் தேவையில்லை. ரிட்டாடர் கலந்த தின்னரை மட்டும் ஒரு தூவல் மேலே விட்டால் பூச்சு இளகி, சிக்கிய நீர் வெளியேறி, நிறம் திரும்பும்.

மே மாதம் தொடங்கினால் கச்சான். தரைப்பக்கம் இருந்து வரும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றில் நிலைமை தலைகீழ். ஊசியை விட்டு வெளியேறிய துளி உடலைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும். மேற்பரப்பு தோடம்பழத் தோல்போல, தொட்டால் சொரசொரக்கும். தூசியும் சேர்ந்தே வரும். இதற்கும் மெதுவாக ஆவியாகும் தின்னரே வேண்டும், ஆனால் அடிக்கும் தூரத்தையும் 15 செ.மீ.இல் இருந்து 10 செ.மீ.க்குக் குறைக்க வேண்டும். காற்று எழும்ப முன், விடிந்த கையோடு அடிப்பது நல்லது. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்துத் தொடங்கினால் தூசி அடங்கியிருக்கும். இந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவில், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஊரில் மொடல் பெயின்ட் அடிக்க மிகவும் தோதான காலம். பெரிய வேலைகளை அதற்கு ஒதுக்கி, மாரியில் எஞ்சினையும் உள்வேலையையும் வைத்துக்கொள்ளலாம்.

அடிக்கும் முறை: 0.3 மி.மீ. ஊசி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. கொம்பிரசரில், காற்றோடு வரும் நீரைப் பிடிக்கும் நீர்ப்பொறி இல்லாமல் இந்த ஊரில் எயார்பிரஷ் தொடக் கூடாது. குழாயில் திரளும் ஒரு துளி நீர் பொனட்டின் நடுவில் வந்து விழும். தொட்டியில் உள்ள நீரையும் ஒவ்வொரு தடவையும் திறந்து வடிக்க வேண்டும். முதலில் விளிம்புகளுக்கும் கோடுகளுக்கும் தூவல், பிறகு நடுத்தரமாக இரண்டு பூச்சு, இறுதியில் ஈரமாக ஒன்று. இடையில் 10 முதல் 15 நிமிடம். பொனட், எஞ்சின் மூடி தனியாக இருந்தால் அவற்றை உடலில் தற்காலிகமாக வைத்தே அடிக்க வேண்டும். வேறு வேறு நேரத்தில் அடித்தால் ஒரே போத்தல் பெயின்டும் இரண்டு நிறமாகத் தெரியும்.

காய்ந்ததா என்பதை விரலால் சோதிக்க வேண்டாம், மூக்கால் சோதிக்கலாம். அருகில் பிடித்தால் தின்னர் மணக்குமானால் இன்னும் காயவில்லை. மாரியில் ஒரு மரப்பெட்டிக்குள் சிறிய சூட்டு பல்ப் போட்டு, வெப்பமானி வைத்து 40 முதல் 45 பாகைக்குள் காயவிடலாம். அதற்கு மேல் போகப் போகக் கூரைத் தூண்கள் வளையும் அபாயம் கூடும். வெயிலில் வைப்பது, பூட்டிய வாகனத்துக்குள் வைப்பது இரண்டும் வேண்டாம்.

மெருகு ஏற்றும்போது தொழிற்சாலை மினுக்கம் எவ்வளவு என்பதை மறக்கக் கூடாது. சுட்ட எனாமலின் மினுக்கம் ஆழமாக இருக்கும், ஆனால் ஈரம் சொட்டுவதுபோல் இருக்காது. 2000, 3000, 4000 என்று நீர் தொட்டு மட்டப்படுத்தி, கரடுக் கொம்பவுண்ட், நுண் கொம்பவுண்ட் இரண்டோடு நிறுத்தினால் சரியான இடத்தில் நிற்கும். விளிம்பிலும் மட்கார்ட் முகட்டிலும் வோட்டர் பேப்பர் படவே கூடாது. அங்கேதான் பூச்சு மிக மெலிந்திருக்கும், இரண்டு தேய்ப்பில் பிரைமர் வெளிவந்துவிடும். அந்த இடங்களுக்கு மெல்லிய ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு நடுப்பகுதியைத் தேய்ப்பது பாதுகாப்பு.

இரண்டு வெள்ளிகள்

பலரும் கோட்டை விடும் இடம் இது. பம்பர், ஹப் கப், கைபிடி, ஹெட்லைட் வளையம் ஆகியவை குரோம். பக்கவாட்டில் ஓடும் பட்டி, பொனட்டின் நடுப்பட்டி, படிப்பலகை விளிம்பு ஆகியவை அலுமினியம். குரோம் கறுப்பு கலந்த கண்ணாடி மாதிரி, அலுமினியம் மென்மையான வெள்ளை. இரண்டையும் ஒரே வெள்ளி நிறத்தில் முடித்தால் கார் செத்துப்போகும்.

கிட்டின் குரோம் பாகங்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறி மின்னும், வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பும் இருக்கும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் அரை மணி நேரம் போட்டால் உலோகப் படலம் கரைந்து போகும். கீழே உள்ள லக்கரை ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்து எடுக்கலாம். இரண்டு திரவங்களையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். இடையில் நீரில் நன்றாக அலச வேண்டும். தழும்பைத் தேய்த்து, மினுங்கும் கறுப்பு அடித்து, இரண்டு நாள் நன்கு காயவிட்டு, 10 முதல் 12 பிஎஸ்ஐயில் குரோம் பெயின்டைத் தூவியும் தூவாததும்போல அடிக்க வேண்டும். கறுப்பு கொஞ்சம் ஊடுருவித் தெரியும் இடத்தில் நிறுத்துவதே இதன் நுட்பம். தடிக்க அடித்தால் குரோம் சாம்பலாகும்.

அலுமினியப் பட்டிகளுக்கு ஒட்டும் மெல்லுலோகத் தாள். பட்டியைவிட அகலமாக ஒரு கீற்று வெட்டி, மேலே படியவைத்து, பற்குச்சியின் மழுங்கிய முனையால் அழுத்தி, புதிய பிளேட்டால் இரு விளிம்பிலும் பாரம் கொடுக்காமல் இழுக்க வேண்டும். பழைய பிளேட் தாளைக் கிழிக்கும், பாரம் கொடுத்தால் பெயின்டையும் வெட்டும். அடியில் மெழுகு பொலிஷ் இருந்தால் தாள் பிடிக்காது, ஆகவே மெழுகு கடைசியில்தான்.

எஞ்சின்

காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின் சிறியதுதான், ஆனால் மூடியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். மின்விசிறிக் கூடும் சிலிண்டர் தகடுகளும் அரை மினுக்கக் கறுப்பு. காற்று வடிகட்டியும் கறுப்புத்தான், ஆனால் மினுக்கத்தை ஒரு படி குறைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் பிரிந்து தெரியும். எஞ்சின் அடிப்பெட்டி மங்கிய உலோகச் சாம்பல், சொலெக்ஸ் 30 பிக்ட் கார்புரேட்டரும் எரிபொருள் பம்பும் சற்று வெளிச்சமான அலுமினியம். எஞ்சின் அறையின் சுவர்கள் உடல் நிறம். முன் சுவரில் ஒட்டிய தார் அட்டை மட்டும் மட் கறுப்பு.

பிளக் வயருக்கு இந்த ஊரைவிட நல்ல இடம் கிடையாது. உண்மை வயர் 7 மி.மீ., 1/24 இல் 0.29 மி.மீ. மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் 0.30 மி.மீ. தங்கூசி (நைலோன் நூல்) இருக்கும், சுருளிலேயே தடிப்பு அச்சிட்டிருப்பார்கள். தங்கூசி நேராக நிற்கும் குணம் உடையது. வேண்டிய வளைவில் கம்பியில் கட்டிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்நீரில் எடுத்தால் அந்த வளைவிலேயே நிற்கும். 1000 தாளால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கறுப்பு அடித்தால் நிறம் உரியாது. டிஸ்ரிபியூட்டர் மூடியில் 0.3 மி.மீ. துளைப்பானால் ஐந்து துளை: நடுவில் கொயிலுக்கு ஒன்று, சுற்றிலும் நான்கு. சிலிண்டர்கள் சுடும் ஒழுங்கு 1-4-3-2. காரின் முன்பக்கம் பார்த்து நின்றால் வலப்பக்கம் முன்னால் இருப்பது 1, பின்னால் 2, இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. இந்த ஒழுங்கில் இழுத்தால் வயர்கள் இயல்பாகவே சரியான இடத்தில் விழும்.

மின்விசிறிக் கூட்டில் இருந்து இருபுறமும் கீழிறங்கும் ஹீட்டர் குழாய்களை மடிப்புகளுடன் செய்ய, ரன்னரை (கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை) மெழுகுதிரிச் சூட்டில் இழுத்து 1.6 மி.மீ. தண்டாக்கி, பழைய மின்வயரின் 0.2 மி.மீ. செப்பு இழையை நெருக்கமாகச் சுற்றினால் 2 மி.மீ. குழாய் கிடைக்கும்.

உள்ளே செய்ய அதிகம் இல்லை. சீட் உறை அரை மட், தரை விரிப்பு முழு மட், டாஷ்போர்ட் உடல் நிறத்தில் மினுக்கமாக. அந்த வேறுபாடு போதும்.

கண்ணாடிகளுக்கு சுப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும், ஈரக்காற்றில் இது இன்னும் மோசம். மர வேலைக்கான வெள்ளைப் பசை மெதுவாகக் காயும், ஆனால் தெளிவாகக் காயும், வழிந்ததை ஈரத் துணியால் துடைக்கலாம். ஜன்னல் ரப்பரை உடலில் அரை மினுக்கக் கறுப்பால் முதலே வரைந்துவிட வேண்டும்.

கிட்டின் டயர் மென்பிளாஸ்டிக். அதை மென்மையாக்கும் எண்ணெய் நாளடைவில் வெளியேறிப் பொலிஸ்டைரீன் சில்லை உருக்கும், எங்கள் வெக்கையில் இது விரைவாகவே நடக்கும். சில்லின் வெளிவட்டத்தைச் சுற்றி மெல்லுலோகத் தாளை ஒரு சுற்று ஒட்டிவிட்டு டயரை மாட்டினால் இரண்டும் தொடாது. டயரின் ஓடும் பகுதியை 400 தாளால் இலேசாகத் தேய்த்தால் பிளாஸ்டிக் மினுக்கம் போய் ரப்பர் போலாகும்.

அச்சுகளை ஒட்டும்போது கண்ணாடித் தகட்டின்மேல் வைத்தே ஒட்ட வேண்டும். உண்மைக் காரின் சில்லிடைத் தூரம் 2400 மி.மீ., ஆகவே இங்கே சரியாக 100 மி.மீ. அளவுகோலை இரு பக்கமும் வைத்துப் பார்த்து, நான்கு சில்லும் தகட்டைத் தொடும்வரை பசை இறுக முன் திருத்தலாம். பின் சில்லுகள் மேற்புறம் வெளியே சாய்ந்து நின்றால் கார் தூக்கி நிறுத்தியதுபோல் தெரியும்.

இலக்கத் தகடு வேண்டாம். தொழிற்சாலையை விட்டு வந்த கார் பதிவாகாத கார்.

முடிந்த மொடலை உடனே கண்ணாடிப் பெட்டியில் அடைக்கக் கூடாது. கடைசியாகப் பட்ட பெயின்டின் ஆவி கண்ணாடியில் படியும், ஒரு வாரம் வெளியே மூடி வைத்துப் பிறகு அடைக்கலாம். டச்சு விரிகுடா, உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடலோர வீடுகளில் உப்புக்காற்று மெல்லுலோகத் தாளையே முதலில் மங்கச் செய்யும். பெட்டியின் விளிம்பில் ரப்பர் நாடா ஒட்டி, அடியில் 20 கிராம் சிலிக்கா ஜெல் பை வைத்து, மாரியில் வாரம் ஒருமுறை அதை எடுத்து அடுப்பில் சூடேற்றி உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும்.